பிட்ஸ்பர்கின் கடைசி எழுத்து

பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்கை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் நிற்கும் 'எச்' எழுத்தை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒலிக்காத எழுத்துதானே, போனால் போகிறது என்கிறார்கள். 1758இல் பிரிட்டிஷ் ஜெனரல் ஜான் ஃபோர்ப்ஸ், பிரிட்டிஷ் அரசியல் தலைவர் வில்லியம் பிட்டைப் பெருமைப்படுத்தச் சூட்டிய பெயர் அது. 1891இல் அமெரிக்க நிலப்பெயர் வாரியம், 'பர்க்' என முடியும் ஊர்ப்பெயர்களெல்லாம் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று அந்த எழுத்தை வெட்டியெறிந்தபோது, ஊர்க்காரர்களில் பலர் அதை ஏற்க மறுத்து, இருபது ஆண்டுகள் கழித்து 1911 ஜூலையில்தான் அந்த எழுத்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்த இடைக்காலத்தில் வெளிவந்த, பிட்ஸ்பர்க் அணியின் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் படம் போட்ட புகழ்பெற்ற சேகரிப்பு அட்டையை உற்றுப் பாருங்கள். அவர் சட்டையின் மார்பில் 'எச்' இல்லாமல்தான் ஊர்ப்பெயர் இருக்கும். அதற்கொரு காரணம் இருந்தது. இன்று அப்படி எழுதுகிறவர்களுக்கு என்ன காரணம்? போதாக்குறைக்கு, கான்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் 'எச்' இல்லாத பிட்ஸ்பர்குகள் உண்மையிலேயே இருக்கின்றன. எழுத்தை விட்டால் ஊரே மாறிவிடுகிறது. போன மாதம் நான் எழுத்தெழுத்தாகச் சொல்லியும், என் முகவரி அட்டைகளை அச்சிட்டவர் அதை விட்டுவிட்டார். இருநூறு அட்டைகளிலும் பேனாவால் அந்த ஒற்றை எழுத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.