டிரெய்லர் இழுக்கும் காரில் முன் அச்சையும் பாருங்கள்

டிரெய்லரை இழுக்கும்போது காரின் பின்பக்கம் தொங்கினால் கடினமான ஸ்பிரிங் போட்டால் போதும் என்று சொல்வது பாதிதான் சரி. 1500 கிலோ டிரெய்லரின் எடையில் 12 சதவீதம் காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கியில் இறங்கினால் அது 180 கிலோ. கொக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி, வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம்) 2.7 மீட்டர் என்றால், நெம்புகோல் போல முன்பக்கம் தூக்கப்பட்டு முன் அச்சு 80 கிலோ இழக்கும். பின் அச்சில் 260 கிலோ ஏறும். புது ஸ்பிரிங் காரை மட்டமாக நிறுத்தும், ஆனால் அந்த 80 கிலோவைத் திருப்பித் தராது. ஸ்டீயரிங் லேசாவதும் முன் பிரேக்கின் பிடி குறைவதும் அப்படியே இருக்கும். அதற்கு எடையைப் பகிரும் ஹிட்ச் வேண்டும், அதாவது கொக்கியின் சுமையில் ஒரு பகுதியை முன் அச்சுக்குத் திருப்பும் இணைப்பு. உங்கள் காருக்கு அது அனுமதிக்கப்பட்டதா என்று கையேட்டில் பாருங்கள். ஸ்பிரிங்கையோ ஹிட்சையோ மாற்றுவதால் மட்டும் அச்சின் எடை வரம்பும் இழுக்கும் வரம்பும் உயராது.

எப்போதாவதுதான் இழுப்பீர்கள் என்றால் காயில் (சுருள்) ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப்பையே என் தேர்வு. சுமை இல்லாதபோது காற்றைக் குறைக்கலாம், முழுக்க இறக்காதீர்கள். பை மடிந்து உரசிக் கிழியும். இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய் விடுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் அழுந்தும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, கார் இன்னும் சாயும்.

ஸ்பிரிங்கை மாற்றினால் ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்றுங்கள். பழையதால் கடின ஸ்பிரிங் எகிறுவதை அடக்க முடியாது. புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் உறை) போல்ட்டுகளைக் கார் சக்கரத்தில் நிற்கும்போது இறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.