கமா போட்டால் வாக்கியம் முடிந்துவிடாது

ஆங்கிலத்தில் ரன்-ஆன் பிழை வந்தால் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொல்கிறார்கள்: "சின்னச் சின்ன வாக்கியமா எழுது." இதில் எனக்கு உடன்பாடே இல்லை. ரன்-ஆன் என்பது நீளம் சம்பந்தப்பட்ட பிழை அல்ல. 'ஹி கேம் ஐ லெஃப்ட்' என்பதில் நான்கே சொற்கள், ஆனாலும் அது ரன்-ஆன். நூறு சொல் ஓடுகிற வாக்கியம் இலக்கணப்படி கச்சிதமாக இருக்கவும் முடியும். தனித்தனியே நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களைச் சரியான இணைப்பு இல்லாமல் ஒட்டுவதுதான் பிழை. நடுவில் எதுவுமே போடாமல் ஒட்டினால் ஃப்யூஸ்டு சென்டென்ஸ். வெறும் கமாவை வைத்து ஒட்டினால் கமா ஸ்ப்லைஸ்.

இது நம் கண்ணில் சட்டென்று படாததற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். 'வந்தார்', 'சொன்னார்' என்று வந்துவிட்டால் வாக்கியம் முடிந்தது என்று காதுக்கே தெரியும். இன்றைய நிறுத்தக்குறிகள் எதுவும் இல்லாமலேயே ஓலைச்சுவடிகளைப் படித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வினை நடுவில் நிற்கிறது; அதற்குப் பின்னால் இன்னும் எவ்வளவோ வரலாம். எங்கே முடிகிறது என்று சொல்லும் வேலையைக் குறிகள்தான் செய்தாக வேண்டும். 'ஷி ஹெல்ப்ட் தி பாய் தி டீச்சர் தேங்க்ட் ஹெர்' என்பதைப் படித்துப் பாருங்கள். 'ஆசிரியர் நன்றி சொன்ன பையனுக்கு அவள் உதவினாள்' என்றே மனம் போகும். கடைசியில் 'ஹெர்' வந்து தடுக்கியதும் திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டும். 'பாய்' என்பதற்குப் பின்னால் ஒரு புள்ளி இருந்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

"மூச்சு விடுகிற இடத்தில் கமா போடு" என்பது இன்னொரு அறிவுரை. பாதி கமா ஸ்ப்லைஸ் இதனால்தான் பிறக்கிறது என்பேன். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த பைசாந்தியத்து அரிஸ்டோஃபனீஸ், உரக்கப் படிப்பவர்கள் நிறுத்த வேண்டிய இடங்களைக் காட்டப் புள்ளிகள் வைத்தார். அன்று அது பொருந்தியது. இன்றைய ஆங்கிலக் குறிகள் மூச்சைவிட வாக்கிய அமைப்பையே அதிகம் பின்பற்றுகின்றன.

எனக்கு உண்மையில் ஆதங்கம் திருத்தும் முறையில்தான். 'தி மேனேஜர் ரிசைன்ட், தி ப்ராஜெக்ட் ஸ்டாப்ட்' என்று ஒருவர் எழுதுகிறார். மேனேஜர் விலகியதால் ப்ராஜெக்ட் நின்றதா? ப்ராஜெக்ட் நின்றதால் அவர் விலகினாரா? இல்லை, இரண்டும் தற்செயலாக ஒன்றாக நடந்தவையா? அந்தக் கமா எதையும் சொல்லவில்லை. புள்ளி வைத்து இரண்டாக வெட்டினால் இலக்கணம் சரியாகிவிடும், கேள்வி அப்படியேதான் இருக்கும். கமாவுக்குப் பின்னால் 'ஸோ' போட்டால் ஒரு பொருள், 'அண்ட்' போட்டால் வேறு பொருள். 'பிகாஸ்' போட்டு எழுதினால் எது காரணம், எது விளைவு என்று எழுதியவரே முடிவு செய்தாக வேண்டும். செமிகோலன் போடலாம், ஆனால் இரண்டும் நெருங்கிய உறவுள்ளவை என்பதோடு அது நின்றுவிடும். ஆக, திருத்துவதற்கு முன் எழுதியவர் யோசித்தாக வேண்டும். திருத்தும் மென்பொருள் குறியைக் காட்டித் தரலாம்; எழுதியவர் மனதில் இருந்த உறவு அதற்கு எப்படித் தெரியும்?

நன்றாக எழுதுபவர்களும் சறுக்கும் இடம் 'ஹவெவர்'. 'ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ' என்ற ஏழும் கமாவோடு சேர்ந்து இரண்டு வாக்கியங்களை இணைக்கும். 'ஹவெவர்', 'தேர்ஃபோர்', 'மோரோவர்' போன்றவை பார்க்க இணைப்புச்சொல் மாதிரி இருந்தாலும் அந்த வேலையைச் செய்யாது. அவற்றுக்கு முன்னால் புள்ளியோ செமிகோலனோ வேண்டும். அலுவலக மின்னஞ்சல்களில் நான் அதிகம் பார்ப்பது இந்தப் பிழையைத்தான்.

கண்டுபிடிக்க நான் நம்பும் வழி, வாக்கியத்தை 'ஆமா, இல்லையா' கேள்வியாக மாற்றிப் பார்ப்பது. 'டிட் தி மேனேஜர் ரிசைன்?' என்று கேட்டால் ப்ராஜெக்ட் வெளியே நிற்கிறது; அதற்கு இன்னொரு கேள்வி வேண்டும். இரண்டு கேள்வி தேவைப்பட்டால், நடுவில் முறையான இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 'பிகாஸ்' போட்ட வாக்கியம் ஒரே கேள்விக்குள் அடங்கிவிடும்.

விதிவிலக்கும் உண்டு. 'வந்தேன், கண்டேன், வென்றேன்' என்ற சீசரின் வாசகத்தை ஆங்கிலத்தில் கமா போட்டே எழுதுகிறார்கள். மூன்றும் குட்டியானவை, ஒரே வார்ப்பு, ஒரே வேகம். அங்கே யாரும் தடுக்கி விழமாட்டார்கள். கதையில் வரும் பேச்சிலும் கமா ஸ்ப்லைஸ் அழகாக அமைவதுண்டு.

ஆகவே ஆசிரியர்களுக்கும் அலுவலகத்தில் பிறர் எழுதியதைத் திருத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சிவப்பு மையில் 'ரன்-ஆன்' என்று மட்டும் எழுதித் தாளைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். "இந்த ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தில் எழுதிக் கேளுங்கள்.