படமாக வரும் பாடம்

இந்த வாரமும் அதே கதைதான். இருபது பக்கப் பாடக்குறிப்பை பிடிஎஃப்பாக ஏற்றியிருக்கிறார்கள். திறந்தால், பார்வையற்ற எனக்குத் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் "வெற்று ஆவணம்" என்கிறது. புத்தகத்தை ஸ்கேன் செய்து அப்படியே போட்டால், கண் தெரிந்தவர்களுக்குத்தான் அது எழுத்து. மென்பொருளுக்கு வெறும் படம். சரி என்று, படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் ஓசிஆர் மென்பொருளில் போட்டு மாற்றினேன். அட்டவணையின் வரிசைகள் ஒன்றோடொன்று கலந்து, சமன்பாடுகளெல்லாம் குப்பையாக வந்தன. மற்றவர்கள் படித்து முடித்த நேரத்தில் நான் இன்னும் மூன்றாம் பக்கத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

இணையத் தேர்வு இதைவிட மோசம். டேப் விசையைத் தட்டத் தட்ட "பட்டன், பட்டன், பட்டன்" என்றே கேட்கிறது. எது அடுத்த கேள்வி, எது சமர்ப்பிப்பது? அதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. காது கேளாத தோழிக்கோ, காணொளியில் பேச்சை எழுத்தாகக் காட்டும் தானியங்கி வசனவரி, கலைச்சொல் வரும் இடமாகப் பார்த்து உளறுகிறது.

படத்தில் இருப்பதை எழுத்தில் விவரிக்கும் மாற்று உரை வேண்டும் என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 1999-லேயே நெறிமுறை வெளியிட்டுவிட்டது. தட்டச்சு செய்த மூலக் கோப்பைத் தந்தாலே என் பாதிச் சிக்கல் தீரும். கேட்டால், "உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்புகிறோம்" என்கிறார்கள். அது வந்து சேர்வதற்குள் ஒப்படைப்புக்கான கெடு முடிந்துவிடுகிறது.