பட்டை கூட்டினாலும் ஏற்றும் எடை கூடிவிடாது

"பிக்கப்பின் பின்பக்கம் ரெண்டு பட்டை (எடையைத் தாங்கும் ஸ்பிரிங் தகடு) சேர்த்தால் 500 கிலோ கூடுதலாக ஏற்றலாம், பழைய யு போல்ட்டே (பட்டைகளை ஆக்சிலோடு பிடிக்கும் U வடிவ போல்ட்) போதும், வீட்டிலேயே முடித்துவிடலாம்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பட்டை சேர்த்தால் வண்டி உட்காராது, அவ்வளவுதான். ஆக்சில், பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழைய எடைக்கே செய்தவை. ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடையும் மாறாது. அதைத் தாண்டிப் பிடிபட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய் அபராதம், மிஞ்சும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

பலருக்குத் தெரியாதது பிரேக் விஷயம். பல வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவே லோடு சென்சிங் வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்பதை வைத்தே அது பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். பட்டை கூட்டினால் வண்டி அவ்வளவாக அமுங்காது. அந்த வால்வு, வண்டி காலி என்று நினைத்து அழுத்தத்தைக் குறைத்துவிடும். முழு லோடோடு இறக்கத்தில் வரும்போது பின் பிரேக் போதாது! வால்வை மறுபடி செட் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

யு போல்ட் ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும், புதுசுதான் போடவேண்டும். பட்டைக் கட்டு தடிமனாவதால் பழசின் நீளமும் பத்தாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப டைட் பாருங்கள். அப்புறம், பட்டைகளை நடுவில் கோர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன், கட்டை இறுக்கிப் பிடிக்க சி கிளாம்ப் (C வடிவ இறுக்கி) போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பட்டை தெறிக்கும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது, சேசிஸுக்கு ஸ்டாண்ட் கொடுங்கள்.