செருப்பைக் கழற்றினால் போதுமா?

ரங்கூனில் இருக்கும் ஷ்வேடகோன் என்ற பெரிய பகோடாவில், அதாவது புத்தர் கோயிலில், சுற்றுலாக் கூட்டம் அடிக்கிற கூத்தைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது. 99 மீட்டர் உயரத்துக்குத் தங்கம் மின்னுகிறது, சரி. அதற்காக அது படம் பிடிக்கப் போட்ட செட் ஆகிவிடுமா? புத்தரின் எட்டுத் தலைமுடிகள் உள்ளே இருப்பதாக பர்மிய மக்கள் நம்பிக் கும்பிடும் இடம் அது. தபுஸ்ஸ, பல்லிக என்ற வணிகச் சகோதரர்கள் புத்தர் கையாலேயே வாங்கி வந்தார்கள் என்பது ஐதீகம். இந்தக் கதை தெரியாமல் வருவதுகூடப் பரவாயில்லை. தெரிந்துகொள்ளவே விருப்பமில்லாமல் பிரகாரம் முழுக்கக் கூச்சல் போட்டுத் திரிகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அங்கே பிறந்த கிழமைக்கு ஒரு சன்னதி உண்டு. புதனுக்கு மட்டும் முற்பகல், பிற்பகல் என்று இரண்டு. தன் கிழமைச் சிலைக்குக் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்வார்கள். நாகம் இருக்கும் சனிக்கிழமை மூலையில் ஒரு பாட்டி கையில் பூவோடு காத்து நிற்கிறார். ஒரு கும்பல் சிலையை மறைத்துக்கொண்டு ரீல்ஸ் எடுக்கிறது. ஒருவன் சிலையின் தோளிலேயே கை போடுகிறான். கொஞ்சம் நகருங்கள், பாட்டி நிற்கிறார் என்று நான் சைகை காட்டினால், பொறு என்று விரலை உயர்த்துகிறான்! அந்தப் பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பூவைப் படிக்கட்டு ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் பிரார்த்தனையைவிட உன் வீடியோ பெரிதா?

பர்மியர்கள் காலைப் பின்னால் மடக்கித்தான் உட்காருவார்கள். இவர்கள் சிலைக்கு நேராக உள்ளங்காலை நீட்டிக்கொண்டு நொறுக்குத்தீனி தின்கிறார்கள். புண்ணியத்தை எல்லா உயிர்களோடும் பகிர்ந்துகொள்ள அடிக்கும் மணியை, வீடியோவுக்காக டங்டங்கென்று அடித்துத் தள்ளுகிறார்கள்.

கேட்டால், "செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே வந்தோம்" என்று பதில். அந்தச் செருப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது தெரியுமா? ஷ்வேடகோன் நிற்கும் குன்றை 1852-ல் பிடித்த ஆங்கிலேயர்கள், அதை 1929 வரை ராணுவக் கோட்டையாகவே வைத்திருந்தார்கள். பூட்ஸ் காலோடு பகோடாக்களில் நடந்தார்கள். பர்மியர்கள் விடாமல் எதிர்த்து நின்ற பிறகுதான், 1919-ல், காலணி விஷயத்தைத் தலைமைத் துறவிகளே முடிவு செய்யலாம் என்று அரசு இறங்கி வந்தது. அப்படிப் போராடிக் காப்பாற்றிய மரியாதையை, வாசலில் செருப்பை விட்டதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

இவர்களைக் கூட்டிவரும் வழிகாட்டிகள் மேல் எனக்கு இன்னும் கோபம். லிஃப்டில் மேலே ஏற்றி, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் சொல்லி அவிழ்த்துவிடுகிறார்கள். வலமாகச் சுற்றுங்கள், சிலைப் பக்கம் காலை நீட்டாதீர்கள், கும்பிடுகிறவர்களுக்கு வழி விடுங்கள். லிஃப்ட் மேலே போவதற்குள் இதைச் சொல்லி முடித்துவிடலாம். கூலி வாங்குகிறீர்களே, இதைக்கூடச் சொல்ல மாட்டீர்களா?