பம்பரம் செய்த கையே நிலப்பிரபுவைப் பற்றியும் எழுதியது

அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்றுச் சேகரிப்புகளை வைத்திருக்கும் டூகாஸ் இணையதளத்தில் பழைய பள்ளிக்கூட நோட்டுகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. தூக்கம் வராத ராத்திரிகளில் அங்கேதான் மேய்கிறேன்.

1937 முதல் 1939 வரை அந்நாட்டு நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒரு நல்ல காரியம் செய்தது. சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில், ஊரில் உள்ள பெரியவர்களைக் கேட்டு எழுதி வரச் சொன்னது. கொடுத்த தலைப்புகளில் ஒன்று வீட்டில் செய்த விளையாட்டுச் சாமான்கள். இன்னொன்று உள்ளூர் நிலப்பிரபு.

விளையாட்டுச் சாமான் பக்கங்களை நான் அப்படியே நம்புவேன். எல்டர் மரக்கிளையை வெட்டி, உள்ளே இருக்கும் நெட்டியைக் கம்பியால் குத்தித் தள்ளினால் குழல் தயார். மென்ற காகித உருண்டையை இரண்டு முனையிலும் அடைத்து, ஒரு குச்சியால் பின்னாலிருந்து அழுத்தினால் நடுவில் மாட்டிய காற்று முன்உருண்டையை 'டப்'பென்று தள்ளும். தையல் நூல் தீர்ந்த மர உருளையை வெட்டிச் சீவி, துளையில் கூரான குச்சியைச் செருகினால் பம்பரம். செய்து பார்த்த கைக்குத்தான் இப்படி எழுத வரும்.

நிலப்பிரபு பக்கங்கள் வேறு ரகம். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தப் பழைய நிலப்பிரபுக்களைக் கண்டதில்லை. 1937இல் எண்பது வயதுத் தாத்தா 1857 வாக்கில் பிறந்திருப்பார். குத்தகைக்காரர்கள் நிலப்பிரபுக்களை எதிர்த்து 1879இல் தொடங்கிய நிலப்போராட்டத்தைக் கண்ணால் பார்த்திருப்பார், 1840களின் பெரும்பஞ்சத்தைத் தன் அப்பா அம்மா சொல்லித்தான் கேட்டிருப்பார். வருடம் குழம்பும், பெயர் மாறும். சபித்த இடத்தில் புல் முளைக்கவில்லை என்பார்கள். இதைக் காட்டி, "இதெல்லாம் வரலாறா?" என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

டொனிகால் மாவட்டத்தில் உள்ள டெரிவே பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஜான் ஜார்ஜ் அடேர் என்ற நிலப்பிரபு, 1861 ஏப்ரலில் 244 பேரை வீட்டைவிட்டு வெளியேற்றினார். அவருடைய ஆள் ஒருவர் கொல்லப்பட்டிருந்தார். ஊரே சேர்ந்து மறைக்கிறது என்பது அவர் கோபம். கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை, தண்டனை மட்டும் குழந்தைகள்வரை போனது. சட்டப்படி எல்லாம் சரி. ஷெரீப் வந்தார், போலீஸ் நின்றது, ஆவணம் ஒழுங்காக இருந்தது. பிறகு அடேர் பக்கத்திலேயே ஏரிக்கரையில் ஒரு கோட்டை கட்டினார். இன்று அது தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, சுற்றுலா வருபவர்கள் தோட்டத்தைப் படமெடுக்கிறார்கள்.

ஆவணத்தை மட்டும் படித்தால் அடேர் தன் உரிமையைப் பயன்படுத்திய சொத்துக்காரர், அவ்வளவுதான். அவர் என்ன செய்தார் என்று சொல்லக் கோர்ட்டு இல்லாத இடத்தில் ஊர் வாய் இருந்தது. அந்த வாய் எல்லாரையும் ஒரேயடியாகத் திட்டவும் இல்லை. குத்தகையைக் குறைத்தவரை நல்லவர் என்றும் அது சொல்கிறது. நிலப்பிரபுவைவிட, அவருக்காகக் குத்தகை வசூலித்த ஏஜென்ட்டைத்தான் அதிகம் வெறுத்த ஊர்களும் உண்டு. வெறும் வன்மமாக இருந்தால் இந்தத் தராதரம் வருமா?

எனக்கு ஒரே குறை, இந்தச் சேகரிப்பு 26 மாவட்டங்களோடு நின்றுவிட்டது. பிரிவினையில் வட அயர்லாந்தாகிப் பிரிட்டனோடு நின்ற ஆறு மாவட்டப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வி போகவே இல்லை.

சரி, படிக்க நினைப்பவர்கள் டொனிகாலில் தொடங்குங்கள். ஒரு பகுதி ஐரிஷ் மொழியில் இருந்தாலும் பயப்படாதீர்கள், ஆங்கிலப் பக்கங்களே ஒரு வாரத்துக்குத் தாங்கும்.