ஆளுக்கொரு ஹெட்லாம்ப் வேண்டும்

"நண்பர்கள் கூட்டமாக இரவில் மலைப்பாதையில் ஓடினால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஹெட்லாம்ப் (தலையில் கட்டும் விளக்கு) போதும், நடுவில் ஓடுபவர்களுக்குக் கண் பழகிவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி யாரும் கிளம்ப வேண்டாம்.

கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். முன்னால் போகிறவர் ஏதோ கேட்கத் திரும்பினாலே போதும், அவர் வெளிச்சம் முகத்தில் அடித்து அந்தப் பழக்கம் சட்டென்று போய்விடும். பின்னால் வருபவரின் விளக்கோ உங்கள் நிழலைத்தான் உங்கள் முன்னால் போடும். கால் வைக்கப்போகும் வேர் அந்த நிழலுக்குள்தான் கிடக்கும்.

அப்புறம், ஹெட்லாம்ப் கண்ணை ஒட்டியே இருப்பதால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்து, மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகத் தெரியும். இறக்கத்தில் காலை வாருவது இதுதான். கூடவே இடுப்பில் ஒரு விளக்கோ கையில் சின்ன டார்ச்சோ இருந்தால், விரல் உயரக் கல்லுக்குக்கூட நீளமாக நிழல் விழும்.

ஆல்ப்ஸ் மலையில் சாமோனியிலிருந்து மாலையில் கிளம்பி விடிய விடிய ஓடும் யூடிஎம்பி பந்தயத்தில் 2,000 பேருக்கு மேல் ஓடுகிறார்கள். அத்தனை கூட்டத்திலும் ஒவ்வொருவரும் ஹெட்லாம்பும் மாற்று பேட்டரியும் வைத்திருப்பது கட்டாயம்.

ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் அவரோடு ஒருவர் இருக்க வேண்டும், இன்னொருவர் உதவிக்குப் போக வேண்டும். இரண்டு விளக்கும் அங்கேயே தீர்ந்தது. மீதிப் பேர் எந்த வெளிச்சத்தில் இறங்குவார்கள்?